துணுக்காயிலிருந்து பேராதனைக்கு: பிள்ளையைப் பார்க்கப் போகும் வழி



1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். இன்று நம் பிள்ளைகள் படிப்புக்காக மறுபடி மலையேறுகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க எப்படிப் போவது?

1990 இல் நின்றுபோன வடக்கு ரயில் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் வந்தது. துணுக்காயில் இருப்பவர்களுக்கு வசதியான ஸ்டேசன் மாங்குளம். அங்கே கொழும்பு ரயிலில் ஏறி, பொல்கஹவெல சந்தியில் இறங்கி, கண்டி ரயிலுக்கு மாற வேண்டும். சரசவி உயன ஸ்டேசனில் இறங்கினால் பல்கலைக்கழகம் பக்கம்தான்.

தவறு நடப்பது பொல்கஹவெலயில்தான். கண் அயர்ந்துவிட்டால் கொழும்புக்கே போய்விடுவோம். 70 கிலோமீற்றருக்கு மேல் திரும்பி வரவேண்டும். ஒரு நாள் சம்பளமும் போச்சு, பிள்ளையோடு இருக்கும் நேரமும் போச்சு. ஆகவே ஸ்டேசன் பெயர்களைத் தமிழிலும் சிங்களத்திலும் பிள்ளையிடமே எழுதி வாங்கி வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேளுங்கள். எல்லா ரயிலும் அங்கே நிற்காது. டிக்கட் எடுக்கும்போதே விசாரியுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. கண்டி ரயில் ஓடுகிறதா என்று 1919 இல் கேட்டுவிட்டே புறப்படுங்கள். ஓடாவிட்டால் குருநாகலில் இறங்கி, கண்டி பஸ் எடுக்கலாம்.

“நாம போனா பிள்ளைக்குத்தான் வெட்கம்” என்று சிலர் போவதேயில்லை. அப்படி நினைக்காதீர்கள். விடுதியில் தனியே இருக்கும் பிள்ளைக்கு நம் முகத்தைக் கண்டாலே தெம்பு. கொண்டுபோக ஒன்றுமில்லாவிட்டாலும் பரவாயில்லை, போய் வாருங்கள்.