அம்மாவின் அழைப்பை மூன்று முறை கட் செய்த அப்பா! - லோன், மனை விளம்பர போன்களை நிறுத்துவது எப்படி?

போன பௌர்ணமிக்கு முந்தைய பௌர்ணமி அது. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு கிரிவலம் போயிருந்தார். இரவு எட்டரை மணி இருக்கும். அப்பாவின் செல்போன் ஒலித்தது. அறிமுகமில்லாத பத்து இலக்க எண். கட் செய்தார். மறுபடியும் ஒலித்தது. கட். மூன்றாவது முறையும் கட்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அன்று காலையிலிருந்தே 'சார், பர்சனல் லோன் வேணுமா?', 'கிரிவலப் பாதைக்குப் பக்கத்துலயே மனை சார், இன்னிக்கு மட்டும் ஆஃபர்' என்று வரிசையாக அழைப்புகள். லேண்ட்லைனிலும் அதே கதை. மதியம் தூங்க முடியாமல் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தவர், திருப்பி வைக்க மறந்துவிட்டார்.

நடந்தது இதுதான். நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் அம்மாவுக்குத் தலைசுற்றல். கூட்டத்தில் கூட வந்தவர்களையும் தவறவிட்டுவிட்டார். அவருடைய போனில் சார்ஜ் இல்லை. வழியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் போனை வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்திருக்கிறார். எங்கேஜ்டு. பிறகு அப்பாவின் செல்லுக்கு மூன்று முறை. நல்லவேளையாக அந்தக் குடும்பமே அம்மாவுக்கு மோர் வாங்கிக் கொடுத்து, மெதுவாகக் கூடவே நடந்து வந்து, வீடு வரை கொண்டு வந்து விட்டார்கள். அப்போது மணி பதினொன்று.

"அது நான்தாங்க" என்று மட்டும்தான் அம்மா சொன்னார். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

விளம்பர அழைப்புகளை நாம் 'தொல்லை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். உண்மையான நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தெரியாத எண் என்றாலே எடுக்காமல் இருக்கப் பழகிவிடுகிறோம். ஆனால், ஆஸ்பத்திரியிலிருந்தும், பிள்ளையின் பள்ளியிலிருந்தும், அவசரத்துக்குக் கடன் வாங்கிய போனிலிருந்தும் வரும் அழைப்புகள் எல்லாமே தெரியாத எண்கள்தான்!

நிதியமைச்சருக்கே வந்த லோன் கால்

நமக்கு மட்டும்தான் இந்தத் தலைவலி என்று நினைக்க வேண்டாம். 2010-ல் அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி எதிர்க்கட்சித் தலைவர்களோடு ஆலோசனையில் இருந்தபோது அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. முக்கியமான விஷயமாக இருக்கும் என்று எடுத்தால், வீட்டுக் கடன் வேண்டுமா என்று கேட்டார்கள். நாட்டுக்கே பட்ஜெட் போடுகிறவரிடம்!

'தொந்தரவு செய்யாதே' பட்டியல் இந்தியாவில் 2007-லேயே வந்துவிட்டது. அது போதவில்லை என்றுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2010 டிசம்பரில் புதிய விதிமுறைகளைக் கொண்டுவந்தது. 2011 செப்டம்பர் 27 முதல் அவை அமலாயின. 2018-ல் அவையும் மாற்றி எழுதப்பட்டன. 2025 பிப்ரவரியில் இன்னும் இறுக்கப்பட்டன. இத்தனை இருந்தும் நம்மில் பலர் இன்னும் ஒரு எஸ்.எம்.எஸ். கூட அனுப்பவில்லை.

முதல் வேலை: 1909

இந்த நான்கு இலக்க எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். எந்த நிறுவனத்தின் சிம் என்றாலும் இதே எண்தான். கட்டணம் கிடையாது.

உங்கள் செல்போனிலிருந்து 1909-க்கு ஓர் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். ஆங்கில எழுத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பூஜ்யம் போட வேண்டும். எல்லா விளம்பரங்களும் வேண்டாம் என்று அர்த்தம். எஸ்.எம்.எஸ். பழக்கமில்லாதவர்கள் அதே எண்ணுக்கு போன் செய்தும் பதிவு செய்யலாம். ஒரே போனில் இரண்டு சிம் இருந்தால் இரண்டிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

எல்லாமே வேண்டாம் என்பதில்லை என்றால், வகை பிரித்தும் தடுக்கலாம். வங்கி - காப்பீடு, ரியல் எஸ்டேட், கல்வி, சுகாதாரம், நுகர்பொருள் - வாகனம், தொலைத்தொடர்பு - பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு எனப் பிரிவுகள் இருக்கின்றன. டிராயின் டி.என்.டி. ஆப்பிலோ, உங்கள் சிம் நிறுவனத்தின் ஆப்பிலோ இதைத் தேர்வு செய்வது சுலபம்.

"பதிவு செஞ்சா பேங்க் ஓ.டி.பி. வராமப் போயிடுமே" என்று அப்பா பயந்தார். வராமல் போகாது. ஓ.டி.பி., பணம் எடுத்த தகவல், கேஸ் சிலிண்டர் புக்கிங் போன்றவை விளம்பரம் அல்ல. அவை வழக்கம்போல வரும்.

லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் அந்த போனிலிருந்தே 1909-ஐ அழைத்துப் பதிவு செய்யலாம். வந்த எண்ணைக் காட்டும் காலர் ஐ.டி. வசதியும் இருந்தால் நல்லது. எண் தெரிந்தால்தானே புகார் கொடுக்க முடியும்?

எண்ணைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்

விதிப்படி, விளம்பரத்துக்காக அழைப்பவர்கள் 140 என்று தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்கள், அரசு அமைப்புகள் உங்கள் கணக்கு சம்பந்தமாக அழைப்பதற்கென்றே 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால், அழைத்தவர் விதியை மீறுகிறார்.

எஸ்.எம்.எஸ்.ஸிலும் ஓர் அடையாளம் உண்டு. அனுப்பியவர் பெயருக்குப் பின்னால், ஒரு சிறு கோட்டுக்கு அடுத்து, ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'பி' என்றால் விளம்பரம், 'எஸ்' என்றால் சேவைத் தகவல், 'டி' என்றால் பணப் பரிவர்த்தனை, 'ஜி' என்றால் அரசு.

திட்டாதீர்கள், எழுதி வையுங்கள்

நம்மில் பெரும்பாலானோர் அழைத்தவரைத் திட்டிவிட்டு வைக்கிறோம். இல்லையென்றால் அந்த எண்ணை பிளாக் செய்கிறோம். திட்டு வாங்குவது மாதச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரோ இளம்பெண்ணோதான். பிளாக் செய்தால் நாளை வேறு எண்ணிலிருந்து வருவார்கள். அனுப்பும் நிறுவனத்துக்கு வலிக்க வேண்டும் என்றால் புகார்தான் வழி.

அழைப்பு வந்த 7 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முன்பு 3 நாள்தான் அவகாசம் இருந்தது. அழைத்த எண், தேதி, எதற்காக அழைத்தார்கள் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், போனில் சொல்லலாம், ஆப்பிலும் பதியலாம்.

'என் ஒருத்தன் புகாரால என்ன ஆகப் போகுது?' என்று கேட்பீர்கள். பதிவு செய்யாத விளம்பரதாரர் ஒருவர் மீது 7 நாளில் 10 புகார் வந்தால்தான் நடவடிக்கை என்று முன்பு இருந்தது. இப்போது 10 நாளில் 5 புகார் வந்தாலே போதும். முதல் முறை மீறினால், அந்த நிறுவனத்தின் எல்லா எண்களிலிருந்தும் வெளியே அழைப்பது 15 நாள்களுக்கு நிறுத்தப்படும். தொடர்ந்தால் ஓராண்டுக்கு எல்லா இணைப்புகளும் துண்டிக்கப்படும். ஒரே தெருவில் ஐந்து வீடுகளுக்கு ஒரே மனை விளம்பரம் வந்தால், அந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் கணக்கு முடிந்தது!

விளம்பரம் வேறு, மோசடி வேறு

'உங்கள் நம்பர் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்' என்று டிராய் பெயரிலேயே அழைக்கிறார்கள். டிராய் யாரையும் அப்படி அழைப்பதில்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் போலீஸ் உடையில் மிரட்டுவார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

இவை 1909-க்கான விஷயம் அல்ல. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பிலோ இணையதளத்திலோ 'சக்ஷு' என்ற பகுதியில் புகார் செய்யுங்கள். பணமே போய்விட்டது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

நம்பர் எங்கிருந்து போகிறது?

பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். துணிக்கடை பில், குலுக்கல் பரிசுக் கூப்பன், பொருட்காட்சி ஸ்டால், இலவச வைஃபை என்று கேட்கும் இடத்திலெல்லாம் எண்ணை எழுதிக் கொடுக்கிறோம். புதிதாக ஓர் ஆப் போடும்போது 'சம்மதம்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறோம். நாம் சம்மதம் கொடுத்த நிறுவனம், 1909-ல் பதிவு செய்த பிறகும் அழைக்கலாம். அதனால் அடுத்த முறை பில் போடும் இடத்தில் "நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இதையெல்லாம் செய்தால் முழுசாக நின்றுவிடுமா? எங்கள் வீட்டில் முழுசாக நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்து என்றிருந்தது இப்போது ஒன்று, இரண்டாகியிருக்கிறது. அந்த ஒன்றை எடுத்துப் பேச அப்பாவுக்குப் பொறுமை இருக்கிறது. "எந்தக் கம்பெனிம்மா?" என்று நிதானமாகக் கேட்டு, பழைய டைரியில் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்கிறார். மாலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 1909-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறார்.

போன பௌர்ணமிக்கும் அம்மா கிரிவலம் கிளம்பினார். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று அப்பா பார்த்துக் கொடுத்தார்.

"யார் போன்ல இருந்து கூப்பிட்டாலும் எடுப்பீங்கல்ல?"

அப்பா பதில் சொல்லவில்லை. லேண்ட்லைன் ரிசீவர் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை தூக்கிப் பார்த்து வைத்தார்.