கூப்பிடும் கிட்டார்!

குட்டீஸ், ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போமா? 'ஆ...' என்று நீளமாகச் சொல்லுங்கள். நிறுத்தாமல், உள்ளங்கையால் வாயை மூடி மூடித் திறங்கள். என்ன கேட்கிறது? 'வா... வா... வா...' என்று யாரையோ கூப்பிடுவதுபோல் இருக்கிறதா? மேலைநாட்டு இசையிலும் இந்த ஒலிக்கு 'வா-வா' என்றுதான் பெயர்!

இது எப்படி உண்டாகிறது? நம் குரல் ஒற்றை ஒலி அல்ல. அடிப்படை ஒலியோடு, அதைவிடக் கீச்சென்ற பல மேற்சுரங்களும் கலந்தே வருகின்றன. வாயை மூடும்போது கீச்சொலிகள் அடங்கிவிடும், ஒலி மந்தமாகும். கையை எடுத்ததும் அவை பளிச்சென்று வெளிவரும். சுருதி அப்படியே இருக்க, ஒலியின் தன்மை மட்டும் மாறுகிறது. 'ஊ', 'ஆ' என்று நாம் வேறுபடுத்திச் சொல்வதும் இப்படித்தான். அந்த வேலையை நம் உதடும் நாக்கும் செய்கின்றன.

பித்தளைக் குழலுக்கு உதடு ஏது? அதற்கும் வழி கண்டார்கள், அமெரிக்காவின் ஜாஸ் கலைஞர்கள். கார்னெட் வாசித்த கிங் ஆலிவர், குழலின் வாயை மூடி மூடித் திறந்து அதைப் பேச வைத்தார். 1923-ல் அவர் பதிவு செய்த இசைத்தட்டில் இந்த ஒலியை இன்றும் கேட்கலாம். டியூக் எல்லிங்டன் குழுவில் ட்ரம்பெட் வாசித்த பப்பர் மைலியும், ட்ராம்போன் வாசித்த ட்ரிக்கி சாம் நாண்டனும் இதற்கு எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? குழாய் அடைப்பை நீக்க உதவும் ரப்பர் கிண்ணத்தை!

சார்லி பிரவுன் கார்ட்டூன் படங்களில் டீச்சர் பேசினால், 'வா வா வா' என்று மட்டுமே கேட்கும். அதுவும் ட்ராம்போன் செய்யும் வேலைதான்!

சரி, கிட்டாருக்கு வருவோம். 1966-ல் அமெரிக்காவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற இளம் பொறியாளர் வேலை பார்த்தார். ஒலிபெருக்கிக் கருவியில் இருந்த விலை அதிகமான ஸ்விட்சுக்குப் பதிலாக, மலிவான திருகு ஒன்றைப் பொருத்துவதே அவருக்குத் தரப்பட்ட வேலை. கிட்டாரை வாசித்துக்கொண்டே திருகைத் திருப்பினால்... 'வா வா'! வாசிக்கும்போது இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறதே, திருகை யார் திருப்புவது? ஆர்கன் வாத்தியத்தின் கால் பெடலுக்குள் அதை வைத்துவிட்டார்கள்.

குதிகாலை அழுத்தினால் தாழ்ந்த ஒலிகள் எடுப்பாகும், 'ஊ'. முன்பாதத்தை அழுத்தினால் கீச்சொலிகள் எடுப்பாகும், 'ஆ'. மாறி மாறி அழுத்தினால் 'வா'!

1967-ல் விற்பனைக்கு வந்த அந்தப் பெடலுக்கு, 'வா-வா' வாசிப்பில் புகழ்பெற்ற ட்ரம்பெட் கலைஞர் கிளைட் மெக்காயின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் அதைத் தமதாக்கிக்கொண்டவர்கள் கிட்டார் கலைஞர்கள்தான்! 1968-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் இதை வாசித்த விதம் உலகெங்கும் பரவியது.

கையோ, ரப்பர் கிண்ணமோ, பெடலோ, எல்லாமே நம் வாயைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பாடம்தான். இனி ஏதாவது பாட்டில் கிட்டார் உங்களை 'வா வா' என்று கூப்பிட்டால், வாசிப்பவரின் கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள்!