பாத்திரம் துலக்கும் பொடிகள்: உரசுவனவும் உரசாதனவும்

கறவை மாட்டிற்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அளந்து வைப்பதில் கொங்கு நாட்டு விவசாயிகள் காட்டும் சிரத்தை யாவரும் அறிந்ததே. ஆனால் அம்மாடு கறக்கும் பாலை ஏற்கும் பாத்திரத்தை எந்தப் பொடியினால் துலக்குவது என்பதைப்பற்றிப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. அடுப்புச் சாம்பல், செங்கற்பொடி, ஆற்றுமணல், கடைத்தூள் ஆகியவற்றுள் கைக்கு அகப்பட்டதே பொடியாகிவிடுகிறது. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று.

சில வருஷங்களுக்கு முன், அவிநாசிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் விவசாயி ஒருவர், தம் வீட்டுப் பால் காய்ச்சும்போதே திரிந்துபோகிறதென்று என்னிடம் முறையிட்டார். மாட்டின் மடியில் நோயில்லை, தீனியிலும் குற்றமில்லை. இறுதியில் பால் கறக்கும் அலுமினியப் பாத்திரத்தை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தோம். உட்புறம் முழுவதும் மயிரிழை போன்ற கோடுகள். கோடுகளுக்குள் மஞ்சள் நிறமான படிவு. நாள்தோறும் வாய்க்கால் மணலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்து வந்ததன் பலன் அது. வேறு பாத்திரம் வாங்கி, மணலை நிறுத்திய பின்னர் அம்முறையீடு எழவில்லை.

காரணம் எளிது. கீறல் விழுந்த இடத்தில் பாலின் கொழுப்பும் புரதமும் ஒதுங்குகின்றன. அங்கே நாரும் துணியும் எட்டுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் பெருகி, அடுத்த வேளைப் பாலைப் புளிக்கச் செய்கின்றன. பளபளப்பு வேண்டித் தேய்க்கும் முரட்டுப் பொடியே, பாத்திரம் ஒருநாளும் சுத்தமாகாதபடி செய்துவிடுகிறது.

கடினத்தின் கணக்கு

ஒரு பொருள் மற்றொன்றைக் கீற வேண்டுமானால், அதனினும் கடினமாயிருத்தல் வேண்டும். மோஸ் என்னும் ஜெர்மானியக் கனிம நிபுணர் 1812 ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, மிக மென்மையான மாக்கல்லுக்கு எண் 1. வைரத்திற்கு எண் 10. சுண்ணாம்புக்கல்லின் படிகம் 3, பெல்ஸ்பார் 6, வெங்கச்சங்கல் 7. இவ்வளவில் வெள்ளீயம் சுமார் ஒன்றரை. அலுமினியம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. செம்பும் பித்தளையும் சுமார் 3. கண்ணாடி சுமார் ஐந்தரை.

இவ்வெண்களை மனத்திற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் செம்மண் காடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கற்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆற்றுமணலிற் பெரும்பகுதி அக்கல்லின் துகளே. செங்கற்பொடியிலும் அது கலந்துள்ளது. ஆகையால் மணலும் செங்கற்பொடியும் பித்தளை, அலுமினியம், கண்ணாடி, எவர்சில்வர் ஆகிய எல்லாவற்றையும் கீறும். சுண்ணாம்புக்கல் தூளோ கண்ணாடியையும் எவர்சில்வரையும் கீறாது.

இவ்வுண்மையை ஆதாரமாகக் கொண்டே அமெரிக்காவில் 1886 ஆம் ஆண்டில் பான் ஆமி என்னும் துலக்கும் சோப்பு தோன்றியது. அந்நாளில் வழங்கிய வெங்கச்சங்கல் தூளுக்குப் பதிலாக, அதனினும் மெதுவான பெல்ஸ்பாரைச் சோப்புடன் சேர்த்தனர். கீறாதது என்பதே அதற்குப் பெருமையாயிற்று.

இருவகைச் சாம்பல்

சாம்பல் எல்லாம் ஒன்றென்று கருதுவது பெரும் பிழை. உமிச்சாம்பலில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் மணற்சத்து உண்டு; அது உரசும் இனத்தைச் சேர்ந்தது. விறகுச் சாம்பலிற் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து, அது மெதுவானது. ஆனால் விறகுச் சாம்பலில் காரமும் உண்டு. அக்காரம் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். அதே காரம் அலுமினியத்தை அரித்துக் கருக்கச் செய்யும். சலவைச் சோடாவுக்கும் இக்குணம் உண்டு. ஆகவே உரசுகிறதா என்று பார்ப்பதோடு, அரிக்கிறதா என்றும் பார்த்தல் அவசியம். வரட்டிச் சாம்பலில் வைக்கோலின் மணற்சத்தும் களத்து மண்ணும் சேர்ந்திருப்பதால், அதனை மெதுவானதென்று நம்பலாகாது.

விறகுச் சாம்பலைப் பக்குவம் செய்யும் முறை வருமாறு: சாம்பலைத் துணியில் சலித்து, ஒரு வாளி நீரில் கலக்கி, இருபது எண்ணும் நேரம் வரை விடுக. மணலும் கரித்துண்டும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு வாளியில் இறுத்து ஓர் இரவு தெளியவிடுக. தெளிந்த காரநீரை இரும்புச் சட்டியின் எண்ணெய்ப் பிசுக்குப் போக்க உபயோகிக்கலாம். கையில் புண் உள்ளவர் அதனைத் தொடலாகாது. அடியில் படிந்த வண்டலை மேலும் இருமுறை நீர் மாற்றிக் கழுவி உலர்த்தினால், மணலும் காரமும் நீங்கிய மெல்லிய பொடி கிடைக்கும். பித்தளையின் வெளிப்புறம், எவர்சில்வர், அலுமினியம் ஆகிய மூன்றுக்கும் இது ஏற்றது. அலுமினியத்தை மட்டும் அழுத்தாமல், ஈரத்துணியால் இலேசாகத் தேய்த்தல் வேண்டும்.

பாத்திரத்திற்கேற்ற பொடி

பித்தளையும் செம்பும்: திருப்பூரை அடுத்த அனுப்பர்பாளையம் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அத்தகைய பாத்திரங்களின் வெளிப்புறத்தைப் புளி கொண்டு தேய்த்து, மென்சாம்பலால் துலக்கி, உடனே கழுவித் துடைத்தல் நன்று. உட்புறத்து வெள்ளீயப் பூச்சு மிகமிக மென்மையானது. அங்கே எந்த உரசும் பொடியும் கூடாது. சீயக்காய் அல்லது அரப்புத் தூளும் மெல்லிய துணியுமே போதும். பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால், மோரும் புளிக்குழம்பும் அதனோடு கலந்து களிம்பு உண்டாகும். உண்பவர்க்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரும். வெண்ணெய் எடுப்போர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். செம்பின் சிறிதளவு சேர்க்கையும் வெண்ணெயும் நெய்யும் விரைவில் சிக்கு நாற்றம் அடையக் காரணமாகும். ஊத்துக்குளி வெண்ணெயின் நற்பெயருக்கு உரியவர்கள் இதனை மறக்கலாகாது. மறுபடி பூச்சு வைக்கும்போது சுத்தமான வெள்ளீயம்தானா என்று விசாரிக்கவும். காரீயக் கலப்பு விஷமாகும்.

பால் பாத்திரம்: முதலில் குளிர்ந்த நீரில் அலசுக. எடுத்த எடுப்பில் வெந்நீர் விட்டால் பாலின் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பின்னர் வெதுவெதுப்பான நீரும் தூரிகையும் கொண்டு, பால் பாத்திரத்திற்கென்றே விற்கும் தூளையாவது, பூந்திக்கொட்டை ஊறிய நீரையாவது கொண்டு தேய்க்கவும். நம் பகுதிக் கிணற்று நீர் பல இடங்களில் உப்புநீராதலால் சோப்பு நுரைப்பதில்லை. பூந்திக்கொட்டையும் அரப்பும் அந்நீரிலும் நுரைக்கும். அவை கசப்புள்ளவையாதலால் நன்றாக அலசுதல் வேண்டும். கடைசியாகக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் மேடையின்மேல் கவிழ்த்து வைக்கவும்.

தரை: பழைய வீடுகளின் காவித்தரைக்கு வெறும் நீரும் துணியும் போதும், முரட்டுப் பொடி அதன் மெருகைப் போக்கும். சிமெண்டுத் தரையின்மேல் திராவகம் ஊற்றினால் சிமெண்டே கரையும்.

வாங்குமுன் பரீட்சை

கடைத்தூள் எவ்வகையைச் சேர்ந்ததென்று அறியப் பிரயோகசாலை தேவையில்லை. உடைந்த கண்ணாடித் துண்டொன்றின்மேல் ஒரு சிட்டிகைத் தூளை ஈரத்துடன் வைத்து, துணியால் அழுத்தி ஐம்பது முறை தேய்க்கவும். கழுவி வெயிலில் சாய்த்துப் பார்த்தால், கோடு விழுந்திருப்பின் அது உரசும் தூள். அன்றியும், தூளை மூன்று முறை நீரில் அலசி இறுத்து, எஞ்சிய வண்டலில் எலுமிச்சம்பழச் சாறு விடுக. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக்கல் உள்ளதென்று அறியலாம். முதலில் அலசாவிடின், சோடாவே பொங்கி ஏமாற்றும்.

இரண்டு எச்சரிக்கைகள். செங்கல்லையோ வெங்கச்சங்கல்லையோ வீட்டில் இடித்துச் சலிக்கலாகாது. அத்தூசி நுரையீரலில் தங்கித் தீராத நோயை உண்டாக்கும். பிளீச்சிங் பவுடரைத் திராவகத்துடனோ, புளி, எலுமிச்சை முதலிய புளிப்புப் பொருள்களுடனோ ஒருபோதும் கலக்கலாகாது. மூச்சைத் திணற வைக்கும் விஷவாயு எழும்.

மணலுக்கு விலையில்லை என்பது உண்மையே. ஆயினும் கீறிய பாத்திரத்திற்கும் திரிந்த பாலுக்கும் விலையுண்டு. கிராம நிர்வாக அலுவலர்களும் பால் கூட்டுறவுச் சங்கத்தாரும் மேற்கூறிய கண்ணாடிப் பரீட்சையைத் தங்கள் கிராமத்தில் ஒருமுறை நேரில் செய்து காட்டுவார்களாயின், நான் நூறு முறை எடுத்துரைப்பதைவிட அதிகப் பயன் விளையும். விவசாயிகள் இன்று மாலையே தங்கள் பால் பாத்திரத்தை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார்களாக.