பாட்டனார் பெயரில் வந்த சோலைவரி

வடபுலத்துப் பட்டினம் ஒன்றிலே எமது பாட்டனார் கட்டிய நாற்சார் வீடு ஒன்று உண்டு. அவர் 1961ஆம் ஆண்டிலே காலமானார். ஆயினும் சோலைவரி அறிவித்தல் மட்டும் அதன் பின்னர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் பெயருக்கே வந்துகொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று நாமோ நம் உறவினரோ எண்ணியதில்லை. பாட்டனார் பெயரைத் தபாற்காரன் உரத்துக் கூறுவதைக் கேட்பதிலே ஒரு மகிழ்ச்சி என்று பெரிய தாயார் சொல்வார். அவரே அவ்வீட்டிற் குடியிருந்தார். ஒவ்வொரு தை மாதமும் கந்தோருக்கு நடந்துபோய் வரியை இறுத்து, பற்றுச்சீட்டைத் தைலாப் பெட்டியில் வைத்துவிடுவார்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு அந்த ஒழுங்கு முறிந்தது. பெரிய தாயார் திரும்பி வந்தபோது உடல் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு உரித்தாளர் நால்வர். ஒருவர் கொழும்பிலே, ஒருவர் லண்டனிலே, ஒருவர் ரொறன்ரோவிலே, ஒருவர் மட்டும் ஊரிலே. ஒவ்வொருவரும் மற்றவர் கட்டுகிறார் என்றே எண்ணியிருந்தோம்.

2013ஆம் ஆண்டிலே, தங்கையின் மகளுக்குத் திருமணம் பொருந்தி வந்தது. அவ்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பதென்று நால்வரும் ஒருமனப்பட்டோம். நொத்தாரிசு உறுதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, சபையிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும்” என்றார். வரி நிலுவைக்காக இக்காணி சபைக்கு உரித்தாக்கப்படவில்லை என்று கூறும் சான்றிதழே அது. நமது வீடு நமது வீடுதான் என்பதற்குச் சபை சான்று தர வேண்டுமா என்று அன்று நாம் சினந்தோம். வரிப் பதிவேட்டைக் கண்ட பிறகு சினம் அடங்கிவிட்டது. பதினெட்டு ஆண்டு நிலுவை. திருமணத்துக்கோ ஐந்து வாரம்.

பெயரிலே சோலை இருப்பினும் இவ்வரி பூக்கும் மரத்துக்கு விதிக்கப்படுவதன்று. ஆதனவரி, மதிப்பீட்டு வரி என்று ஏட்டில் எழுதுவதும் இதனையே. கொழும்பிலும் கண்டியிலும் 1865ஆம் ஆண்டிலேயே மாநகர சபைகள் அமைந்தன. இன்று மாநகர சபைகள் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், நகர சபைகள் 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும், பிரதேச சபைகள் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படியும் இவ்வரியை அறவிடுகின்றன.

கணக்கு எளியது. உங்கள் வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுப்பதாயின் ஆண்டொன்றுக்கு நியாயமாக என்ன கொடுப்பார் என்று மதிப்பிடுவார்கள். அதுவே ஆண்டுப் பெறுமதி. அதிலே குறித்த ஒரு வீதம் வரி. ஆண்டுப் பெறுமதி 20,000 ரூபாய், வரி 8 வீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வரி 1,600 ரூபாய், காலாண்டுக்கு 400. முழுத் தொகையையும் ஜனவரி 31ஆம் தேதிக்குள் இறுத்தால் 10 வீதம் கழிவு. 1,440 ரூபாயோடு ஆண்டுக் கணக்குத் தீர்ந்துவிடும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் அக்காலாண்டு வரியைக் கட்டுவோருக்கு 5 வீதம் கழிவு. தைப்பொங்கலுக்குப் புத்தாடை வாங்கும் கையோடு பெரிய தாயார் ஏன் கந்தோருக்குப் போனார் என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

மதிப்பு மிகையென்று தோன்றினால் ஆட்சேபிக்கலாம். மதிப்பீட்டு அறிவித்தலிலே அதற்குரிய இறுதித் தேதி குறிக்கப்பட்டிருக்கும். நம்மவர் பெரும்பாலோர் அதை வாசியாமல் அலுமாரியில் வைத்துவிட்டு, வரி ஏறிய பின்னர் சபையைத் திட்டுவர். நாமும் திட்டியவர்களே.

காலாண்டு முடிந்தும் பணம் வராவிட்டால் விறாந்து பிறக்கும். இது ஆளைப் பிடிக்கும் விறாந்தன்று, பொருளைப் பிடிப்பது. அதற்குரிய செலவும் வரியோடு சேர்ந்துகொள்ளும். மாநகர சபையாயின் நகரபிதா கையொப்பமிட்ட விறாந்தோடு உத்தியோகத்தர் வருவார். வரி இறுக்காதவரின் பொருள்களை மட்டுமன்றி, அந்த வீட்டினுள்ளே காணப்படும் அசையும் பொருள் எவருடையதாயினும் அதனைக் கைப்பற்றி விற்கச் சட்டம் இடமளிக்கிறது. நாம் பள்ளிச் சிறுவராயிருந்த காலத்திலே, வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஓர் உத்தியோகத்தர் வந்து நின்றார். வீட்டுக்காரர் கட்டாத வரிக்கு எங்கள் அலுமாரியையும் மேசையையும் அவர் எழுதத் தொடங்கினார். அம்மா கதவோரத்தில் நின்று அழுதார். தகப்பனார் அயலவரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, அடுத்த மாதங்களின் வாடகையிலே அத்தொகையைக் கழித்துக்கொண்டார். வீட்டுக்காரரும் வாய் திறக்கவில்லை. குடிவாரத்துக்கு வீடெடுப்போர் வரிச்சீட்டை ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொருளை விற்றும் கடன் தீராவிடின் காணியையே விற்கவும், ஈற்றிலே சபைக்கு உரித்தாக்கவும் வழியுண்டு. நொத்தாரிசு கேட்ட சான்றிதழின் பொருள் இதுவே. ஆள் எங்கே இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்பதைச் சோலைவரி பார்ப்பதில்லை. அது மண்ணைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது. ரொறன்ரோவிலிருந்த தம்பி, “அங்கே காலடி வைத்தே இருபது ஆண்டாயிற்று, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று தொலைபேசியில் வாதாடியபோது அவனுக்கு நாம் சொல்ல முடிந்ததும் இவ்வளவே. அவன் இரண்டு நாள் பேசாதிருந்தான். மூன்றாம் நாள் தன் பங்குக்கு மேலேயே அனுப்பிவிட்டான்.

சபையின் மீதும் நமக்கொரு குறையுண்டு. இறந்தவருக்கு அரை நூற்றாண்டாக அறிவித்தல் அனுப்பியவர்கள், இருப்பவர் யாரென்று ஒருமுறை விசாரித்திருக்கலாம். எனினும் தெருவிளக்கும் வாய்க்காலும் வாசிகசாலையும் குப்பை வண்டியும் இப்பணத்தையும் நம்பியே இயங்குகின்றன. பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு வரி கொடாதபோது, பக்கத்து ஓலை வீட்டுக்காரி கொடுக்கும் சிறுதொகையிலேதான் அந்தத் தெருவிளக்கு எரிகிறது.

நிலுவையை ஒரே நாளில் கட்டினோம். சான்றிதழ் கிடைக்க மேலும் பன்னிரண்டு நாள் சென்றது. திருமணத்துக்கு நான்கு நாள் முன்பாக உறுதி எழுதப்பட்டது. உறுதியின் பிரதியைச் சபையிற் கொடுத்துப் பதிவேட்டிலே பெயர் மாற்றச் சொன்னோம். உறுதி வேறு, வரிப்பதிவு வேறு. ஒன்று மாறினால் மற்றது தானே மாறிவிடாது.

அடுத்த தை மாதத்திலே மருமகள் பற்றுச்சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். 10 வீதக் கழிவும் இருந்தது; அவள் பெயரும் பிழையின்றி இருந்தது. தமக்கையார் கண்ணாடியைப் போட்டு அதை இருமுறை வாசித்தார். பிறகு, “அப்போ இனித் தபாற்காரன் ஐயாவின் பெயரைச் சொல்ல மாட்டான்” என்றார்.