சுடாத துப்பாக்கிக்கு 55 ஆண்டு சிறை!

அவர் யாரையும் சுடவில்லை. துப்பாக்கியைக் காட்டி யாரையும் மிரட்டவும் இல்லை. ஆனாலும் 55 ஆண்டு சிறை!

இது நடந்தது அமெரிக்காவில், சால்ட்லேக் நகரில். அங்கே ஒரு வாலிபர். சிறு பிள்ளைகளின் தகப்பன். 2002-ம் ஆண்டில், போலீசார் ஏவிய ஆளிடம் அவர் மூன்று முறை கஞ்சா விற்றார். அதில் இரண்டு முறை அவரிடம் துப்பாக்கி இருந்தது என்பது வழக்கு. வீட்டைச் சோதனை போட்டபோதும் துப்பாக்கிகள் அகப்பட்டன.

போதைப்பொருள் விற்பவர் அதற்காகத் துப்பாக்கி வைத்திருந்தால், அந்நாட்டு மத்திய சட்டப்படி கூடுதல் தண்டனை உண்டு. முதல் குற்றத்துக்கு 5 ஆண்டு. அடுத்த ஒவ்வொன்றுக்கும் 25 ஆண்டு. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும். கூட்டிப் பாருங்கள்: 5, 25, 25. மொத்தம் 55!

குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் கிடையாது. 2004-ல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி பால் காசெல், "இது அநியாயம், கொடுமை" என்று தீர்ப்பிலேயே எழுதினார். ஜனாதிபதி தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். ஏன் தெரியுமா? ஒரு மூதாட்டியைக் கட்டையால் அடித்துக் கொன்ற ஒருவனுக்கு அதே நாளில் அவர் கொடுத்த தண்டனை சுமார் 22 ஆண்டுதான்!

குற்றவாளிகள் துப்பாக்கி எடுக்க அஞ்ச வேண்டும் என்று 1968-ல் வந்த சட்டம் இது. பிறகு மேலும் கடுமையாக்கப்பட்டது.

2016-ல் வாலிபர் விடுதலையானார். 2018-ல் சட்டம் திருத்தப்பட்டது. முன்பே இக்குற்றத்துக்குத் தண்டனை பெற்று, மறுபடியும் அதையே செய்தவருக்குத்தான் இப்போது 25 ஆண்டு. 2020-ல் ஜனாதிபதி டிரம்ப் வாலிபருக்கு மன்னிப்பும் அளித்தார்.

ஆனால் அவர் சிறையிலிருந்து திரும்பியபோது, சின்னஞ்சிறு பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். அந்த ஆண்டுகளை எந்த மன்னிப்பு திருப்பித் தரும்?