கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

ரமழான் இரவில் தராவீஹ் முடிந்து பெண்கள் வீடு திரும்பும் நேரம். சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் பிரதான வீதி ஓரமாகக் கறுப்பு அபாயா அணிந்த தாய்மார், அவர்கள் கையைப் பிடித்தபடி பிள்ளைகள். எதிரெதிரே இரண்டு வாகனங்கள் வருகின்றன. இரண்டிலும் முழு வெளிச்சம். அந்த நேரத்தில் ஓரத்தில் நடப்பவர்கள் இரு சாரதிகளின் கண்ணிலும் படுவதே இல்லை.

கடும் வெளிச்சம் பட்ட கண் மீண்டும் இருளில் பார்க்கச் சில செக்கன்கள் பிடிக்கும். வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாகும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் 3 செக்கனில் 50 மீற்றரைக் கடந்துவிடும். அவ்வளவு தூரமும் சாரதி கண் தெரியாமலே ஓட்டுகிறார்.

ஆகவே லைட்டைத் தாழ்த்துவது எதிரே வருபவருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல. ஓரத்தில் நடக்கும் யாரோ ஒரு உம்மாவுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் செய்வது. முன்னே ஒரு வாகனம் போனாலும் தாழ்த்தத்தான் வேண்டும். நமது வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் விழுகிறதே! பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதையே ஈமானின் ஒரு கிளையாகச் சொன்ன மார்க்கம் நமது. "அவன் குறைக்கவில்லை, நான் ஏன் குறைக்க வேண்டும்?" என்று வீம்புக்கு முழு லைட்டைப் போடுகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறார்கள். கண் தெரியாத சாரதி ஒருவர் போதாதென்று இருவராவதைத் தவிர இதில் என்ன இலாபம்? வேகத்தைக் குறைத்து, வெளிச்சத்தைப் பார்க்காமல் வீதியின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டுவதே நல்லது.

வாகனம் ஓட்டாத பெண்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் நாமும் பிள்ளைகளும் ஏறியதும் பின்புறம் அமிழ்ந்து, முன் லைட் மேலே தூக்கிவிடும். தாழ்த்திய லைட்டும் அப்போது எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும். கராஜில் கொடுத்து அதைச் சரிசெய்விக்கலாம். பழைய லைட்டுக்குள் வெள்ளை எல்ஈடி பல்ப் மாட்டும் ஆசை மகனுக்கு இருந்தால் தடுத்துவிடுங்கள். ஒளி கண்டபடி சிதறும். "இஞ்சாருங்க, லைட்டைக் குறைங்க" என்று பின்னாலிருந்து சொல்லவும் தயங்க வேண்டாம்.

நடந்து போகும்போது வாகனங்கள் எதிரே வரும்படி வலது ஓரமாக நடங்கள். கறுப்பு உடை தாழ்த்திய லைட்டில் மிக அருகில் வந்த பிறகே தெரியும். வெள்ளை ஸ்கார்ப் அணிந்து, கையில் ஒரு டோர்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள். டோர்ச்சை நிலத்தைப் பார்த்துப் பிடியுங்கள். பிள்ளைகளிடம் மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். வருகிறவரின் முகத்தில்தான் முதலில் அடிப்பார்கள்.