வருங்கால இணையம்: நாம் வேண்டுவன மூன்று

இற்றைக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலே மாணாக்கராயிருந்தோர் மின்சாரமின்றி, ஜாம் போத்தல் விளக்கொளியிலே படித்தவர்கள். யானும் அவருள் ஒருவன். அன்று கணினி என்பது எமக்கு வெறுஞ் சொல். இன்றோ என் வகுப்பு மாணாக்கன் கடல்கடந்த நாட்டு நூலையும் நொடிப்பொழுதிலே தன் கைக்கு அழைக்கின்றான். இம்மாற்றத்தைத் தந்த இணையம் யாது, இனி அஃது எவ்வாறாதல் வேண்டும் என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1969ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி, அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்த கணினி, ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையக் கணினிக்கு முதற்செய்தி விடுத்தது. அனுப்பக் கருதியது ஐந்தெழுத்துச் சொல்; இரண்டெழுத்துச் சென்றதும் பொறி செயலிழந்தது. அத்துணை எளிய தொடக்கம்! 1983ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அவ்வலையிலுள்ள கணினிகள் இன்று வழங்கும் விதிமுறையைக் கைக்கொண்டன. 1989ஆம் ஆண்டில் ரிம் பேணர்ஸ் லீ என்னும் ஆங்கிலேய அறிஞர், ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள ஐரோப்பிய அணுவாய்வு நிலையத்திலே உலகளாவிய வலையை முன்மொழிந்தார். 1993இல் அந்நிலையம் அதனை யாவரும் கட்டணமின்றி ஆளுமாறு பொதுவாக்கிற்று. பெற்ற பிள்ளையை ஊர்ப்பிள்ளையாக்கிய இக்கொடையே இணையத்தின் பெருவளர்ச்சிக்கு வித்தாயிற்று.

இனி நம் வேட்கைகளைக் காண்பாம். முதலாவது, விலாசம். தபாற்காரருக்கு விலாசம் வேண்டுதல்போல, இணையத்திற் சேருங் கணினிக்கும் ஓரெண் விலாசம் வேண்டும். பழைய முறையில் அமையக்கூடியவை ஏறத்தாழ 429 கோடியே. 2011ஆம் ஆண்டு பெப்ரவரியிலே உலகப் பொதுக் களஞ்சியத்தின் இறுதித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஆதலின் இன்று பலர் ஒரு விலாசத்தைப் பகிர்ந்து கொள்கின்றனர். இஃது ஒரே படலையாற் பல குடும்பங்கள் போய்வருதல் போலாம்; வெளிச்செல்லுதல் எளிது, வெளியிலிருந்து ஒருவரை நேரே தேடிவருதல் அரிது. இதற்குப் பரிகாரமாக 1990களிலே வகுக்கப்பட்ட ஆறாம் பதிப்பு முறையில், விலாசங்களின் தொகையை எழுதவே 39 இலக்கங்கள் வேண்டும். 2012ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி பெருநிறுவனங்கள் பல அதனை நிலையாகத் தொடக்கின. எனினும் பழைய முறை இன்னும் ஒழிந்திலது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப்படலை வாய்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மொழி. பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றிய காலத்தைப் பழைய மாணவர் மறந்திரார். 1991இல் வெளிவந்த யூனிக்கோட்டிலே தமிழும் இடம்பெற்றது. அது பரவப் பரவ அவ்விடர் குறைந்தது. 2010இல் ‘.இலங்கை’ எனத் தமிழில் முடியும் இணையப் பெயரும் எம் நாட்டுக்குக் கிடைத்தது. ஆயின், தமிழெழுத்தாலாய மின்னஞ்சல் விலாசத்தைப் பல தளங்கள் இன்னும் ஏற்பதில்லை. ஆங்கிலமறியாத மூதாட்டி ஒருவர், ரொறன்ரோவிலுள்ள பேரனுக்குத் தமிழிலேயே விலாசமிட்டு மடல்விடும் நாள் வருதல் வேண்டும்.

மூன்றாவதே நமக்கு உயிர்நிலை, அது நினைவு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு மாண்டன. ஒரு பிரதியே உள்ள நூல் ஒரு தீக்குச்சிக்கு இரையாகும். இதனை உணர்ந்தோர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் யாவரும் படிக்குமாறு இணையத்தில் ஏற்றி வருகின்றது. ஆயினும் இணையமும் அழியாததன்று. 2009இல் யியோசிற்றீஸ் சேவை மூடப்பட்டபோது பொதுமக்கள் ஆக்கிய எண்ணிறந்த பக்கங்கள் மறைந்தன. அங்கே தீவைப்பார் எவரும் வேண்டியதில்லை. உடையவரின் ஒரு தீர்மானமே போதும். ஆதலின் ஒருவர் கைவிட்டாலும் மற்றொருவரிடம் எஞ்சுமாறு, பல பிரதிகள் பல நாடுகளில் இருக்கும் இணையமே நமக்கு வேண்டும்.

இவை பொறியியலாளரால் மாத்திரம் ஆவன அல்ல. நம் கல்லூரியின் பழைய மலர்கள் சில, ஒற்றைப் பிரதியாய் அலுமாரியிலே செல்லரித்துக் கிடக்கின்றன. மாணாக்கர் அவற்றை ஒருமாத விடுமுறையிலே படியெடுத்தல் கூடும். பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர் அப்படிகளை ஆங்காங்கே பேணுதல் கூடும். வருங்கால இணையத்தை வேண்டி நிற்குமுன், கையிலுள்ள இணையத்தில் நம் கடனை இறுப்போமாக. இம்மலரே முதற்கண் ஏறுக!